நெடிலில் ஒரு வணக்கம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு விதை, உரம், கோழி வளர்ப்பு, சத்துணவு என்று எல்லாவற்றையும் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஊருக்குள் போய் வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் காலத்திலும் அப்படித்தான். நாங்களாகப் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

நான் கிராம சேவிகாவாக உத்திரமேரூர் பக்கம் வந்தது ஐம்பதுகளின் கடைசியில். பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிச் சீமை. அதுவும் தமிழ்தான், இதுவும் தமிழ்தான் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினேன். முதல் வாரம் ஒரு வீட்டு வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு அம்மாள், "நாஷ்டா ஆச்சாம்மா?" என்று கேட்டார். ஏதாவது நஷ்டம் ஆகிவிட்டதா என்று விசாரிக்கிறார் போல என்று எனக்குப் பட்டது. பார்க்க அப்படியா இருக்கிறோம் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகல" என்றேன். அடுத்த நிமிஷம் என்னை உட்காரவைத்துக் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் கொடுத்துவிட்டார்கள். நாஷ்டா என்றால் இந்தப் பக்கம் காலைச் சாப்பாடாம். காலையில் இட்லி தின்றுவிட்டு வந்தவள் நான். மறுக்க வார்த்தை தெரியாமல் ஒரு செம்புக் கூழையும் குடித்து முடித்தேன். அன்றைக்கு வயிறு ரொம்பத்தான் பேஜார் பண்ணியது. பேஜார் என்ற வார்த்தையையும் அன்றே கற்றுக்கொண்டேன்.

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லிவைத்தேன். இனிச் சொல்லப்போவது வேறு மாதிரி.

அறுபதுகளின் தொடக்கம். கிராம முன்னேற்றம், சிரமதானம் என்று நாடே மண்வெட்டியும் கையுமாக இருந்த நேரம். அந்த வேலைகளைப் பார்த்துப் படிக்க வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்படி ஒரு பெண் எங்கள் வட்டாரத்துக்கு வந்தார். பெயர் மரியா. பசிபிக் கடலில் பலாவ் என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறதாம், அங்கிருந்து. எங்கள் அலுவலக வரைபடத்தில் அந்த இடத்தில் வெறும் நீலமும் ஒரு ஈ எச்சமும்தான் இருந்தன. ஜீப் டிரைவர் "பலாப்பழ ஊரா?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் அது பலாவூர் ஆகிவிட்டது, மரியா மாரியம்மா ஆகிவிட்டார். கான்வென்டில் படித்தவள் என்பதால் மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

மறுநாள் காலையில் ஜீப்பில் போகும்போது மரியா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இங்கே கால்வாயில் வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று. தெரியாது என்றேன். எனக்கும் அது இரவல் பாஷைதான் என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். புழுதியில் நானும் அதற்கு மேல் பேசவில்லை.

நாங்கள் போனது திருப்புலிவனம் போகிற சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகிற ஒரு சின்னக் கிராமம். அந்த ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்வாய் பல வருஷமாகத் தூர்ந்து, கோரையும் சம்பும் மண்டிக் கிடந்தது. ஏரி பாதிதான் நிரம்பும். பாதி நிரம்பினால் மதகுக்குப் பக்கத்து வயல்களுக்குப் போதும், கடைமடைக்கு எட்டாது. முன்பெல்லாம் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் கடைமடையில் பயிர் வைக்க யாரும் இல்லை. அந்த வருஷம்தான் அங்கே கிடந்த புறம்போக்கைக் கூலிக்காரக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் முதல்முதலாகச் சொந்த மண்ணில் நடப்போகிறார்கள். மழை தொடங்குவதற்குள் கால்வாயை வெட்டினால் நடலாம். இல்லையென்றால் இந்த வருஷமும் அடுத்தவர் வயல்தான். பயிர் ஏறாத நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சும் ஊரில் இருந்தது.

அந்தக் குடும்பங்களுக்கு முன்னால் நின்றவர் ஏழுமலை. கூலிக் கூட்டத்துக்கு மேஸ்திரி. அவர் வார்த்தைக்குத்தான் ஆட்கள் மண்வெட்டியைத் தூக்குவார்கள், இறக்குவார்கள். கால்வாயில் சேர்ந்து வேலை செய்யலாம் என்று விவசாயிகளையும் இவர்களையும் ஒரே கரையில் நிற்கவைக்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. பஞ்சாயத்துத் தலைவர் நிலம் நீச்சு உள்ளவர், வெள்ளை வேட்டியில் மண் படாதவர். அவர் ஒத்துக்கொண்டதே ஏழுமலை நேரில் போய் நின்று கேட்டதால்தான்.

ஏழுமலைக்கும் அவர் மனைவி கன்னியம்மாவுக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. ஊர் அதற்கு அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. அலி. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். டீக்கடையில், களத்துமேட்டில், அவர் முதுகு திரும்பியதும் சொல்வார்கள். இன்றைக்கு அந்தச் சொல்லை யாரும் யாரையும் சொல்லக்கூடாது என்று வந்துவிட்டது, ரொம்ப நல்லது. அன்றைக்கு அது ஒரு ஆணை உயிரோடு புதைக்கிற வார்த்தை. வளர்ச்சி அலுவலகத்து அம்மா என்பதால் என்னைப் பிளாக்கம்மா என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லி அழுதது, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குத் தெரியாதுன்னு நென்ச்சிக்கினு கீறாங்க பிளாக்கம்மா. எல்லாம் தெரியும்" என்றது.

ஜீப் கரையில் நின்றது. ஒருபக்கம் தலைவரும் விவசாயிகளும். மறுபக்கம் ஏழுமலையின் ஆட்கள், ஆணும் பெண்ணும், மண்வெட்டியும் கூடையுமாக. மரியா இறங்கினார். தலைவர் மாலையோடு வருவதைக் கவனிக்காமல், வேலையாட்களுக்கு முன்னால் நின்றிருந்த ஏழுமலையிடம் நேராகப் போனார். முகம் நிறையச் சிரிப்போடு, வலது கையைத் தூக்கி, உரக்க, "அலீ" என்றார்.

பலாவ் பாஷையில் அதுதான் வணக்கம். காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும் தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும் அதுதான். கடைசி எழுத்தை நீட்டிச் சொல்வார்கள். நெடில். நாம் சொல்கிற அந்தச் சொல் குறிலில் முடியும். ஆனால் வெயிலில், அத்தனை பேர் முன்னால், அந்த மனிதனின் காதில் குறிலாவது நெடிலாவது.

விவசாயிகள் பக்கம் யாரோ மூக்கு வழியாகச் சிரித்தார்கள். ஏழுமலை கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் ஆட்கள் ஒவ்வொருவராக மண்வெட்டியை வைத்தார்கள். வானம் மூடிக்கொண்டு இருந்தது. இன்றைக்குக் கலைந்தால் இந்தக் கூட்டத்தை மறுபடி கூட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும், தலைவருக்கும் தெரியும். நிலம் போகும் என்று ஏழுமலைக்கும் தெரியும். தெரிந்தே நடந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கும் முதலில் வாயில் வந்தது விளக்கம்தான். அந்தம்மா உங்களை அப்படிச் சொல்லவில்லை ஐயா, அவங்க பாஷையில் அதற்கு வேற அர்த்தம் என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். என்னவென்று கத்துவது? "உங்களை அலி என்று சொல்லவில்லை" என்றா? அதுவரை முதுகுக்குப் பின்னால் இருந்த வார்த்தையை நானே ஊர் நடுவில், அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவர் நெற்றியில் ஒட்டியது போலாகும். வசவை விளக்கினால் இன்னொரு தரம் வைததுதான். மன்னிப்புக் கேட்டாலும் அதே கதைதான்.

மரியா என் முகத்தைப் பார்த்தார். தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது, என்ன தப்பு என்றுதான் புரியவில்லை. இனி இந்த வார்த்தையைச் சொல்லாமல் நிறுத்திவிடட்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார். நிறுத்தாதீர்கள் என்றேன். இப்போது நிறுத்தினால் இது அவருக்கு மட்டும் சொன்னதாகவே நின்றுவிடும். அதோ வெள்ளை வேட்டிக்காரர், அவரிடம் போய் இதே போலச் சிரித்து, இதே போல உரக்கச் சொல்லுங்கள், பிறகு எனக்கு, பிறகு எல்லோருக்கும், காரணத்தை அப்புறம் கேளுங்கள் என்றேன். முன்பின் தெரியாத ஊரில், நேற்றுப் பார்த்த ஒருத்தி சொன்னதை நம்பி அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் போனார். அந்த நம்பிக்கைக்கு இன்றும் நான் கடமைப்பட்டவள்.

தலைவர் முன்னால் போய்க் கையைத் தூக்கி, "அலீ" என்றார். தலைவரின் முகம் கறுத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எனக்கேவா?"

"ஆமாங்க. அவங்க ஊர் வணக்கம் இது. பெரியவங்களுக்குச் சொல்லாம விட்டா மரியாதைக் குறைவு. நீங்களும் அதையேதான் திருப்பிச் சொல்லணும், இல்லேன்னா அவங்களுக்கு வருத்தமாயிரும்" என்றேன்.

ஒரு எழுத்துப் பொய் இல்லை இதில். அவர்கள் வழக்கமும் அதுதான் என்று அன்று மாலை மரியா சொன்னபோது எனக்கே நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் சொல்லும்போது எனக்கு அது தெரியாது. அந்தச் சிரிப்பையும் தூக்கிய கையையும் பார்த்து, வணக்கமாகத்தான் இருக்கும் என்று குருட்டாம்போக்கில் அடித்தேன்.

தலைவர் நின்றார். அவர் பக்கத்து ஆட்கள் அவரையே பார்த்தார்கள். கூலிக்காரர்களும் பார்த்தார்கள். வெளிநாட்டு விருந்தாளி கையைத் தூக்கியபடியே இருந்தார். எந்த வார்த்தையை இவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து இன்னொருத்தருக்குக் கொடுத்தார்களோ, அதே வார்த்தை மாலையும் மரியாதையுமாக இவர்கள் வாசலுக்கே வந்து நின்றது. கடைசியில் அவர் கையைத் தூக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அலீ" என்றார். நன்றாக நீட்டித்தான் சொன்னார், குறிலாகிவிடக் கூடாதே என்று.

பிறகு மரியா வரிசையாகப் போனார். விவசாயிகள் ஒவ்வொருவரும் தலைவர் சொன்னதால் சொன்னார்கள். மூக்கு வழியாகச் சிரித்தவரும் சொன்னார். பெண்கள் பக்கம் வந்தபோது கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, மரியாவை ஒரு நிமிஷம் பார்த்தது. தன் குடும்பத்தை அத்தனை வருஷம் அரித்த வார்த்தையைத் தன் வாயால் சொல்ல அதற்கு எப்படி மனசு வந்ததோ. "அலீம்மா" என்றது. சொல்லிவிட்டுக் கரையில் ஏறி நின்று, பனைமரங்கள் வரைக்கும் போய்விட்ட புருஷனைக் கூப்பிட்டது.

"யோவ், எல்லாரையுந்தான் சொல்லிக்கினு கீது அந்தம்மா. தலைவரையும் சொல்லிச்சி, என்னியும் சொல்லிச்சி. உனுக்கு மட்டும் இன்னா? வா இப்பிடி."

அவர் நின்றார். திரும்பினார். ஆனால் வரவில்லை. ரோஷக்காரர். ஒரு வார்த்தைக்காகப் போன மனிதனை இன்னொரு வார்த்தையால் திருப்பிவிட முடியாது என்பதையும் அன்றைக்குப் பார்த்தேன்.

அதற்குள் என்ன நடந்தது என்று மரியாவிடம் நாலு வரியில் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போயிற்று. கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் அங்கே நின்று அழவில்லை. செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டார், பாவாடையைச் சொருகிக்கொண்டு நேரே கால்வாய்ச் சேற்றில் இறங்கினார். அவர்கள் தீவில் சேப்பங்கிழங்குதான் சோறு. அதைச் சேற்று வயலில் பயிர்செய்வது பெண்கள் வேலை, சிறு வயதிலிருந்து இறங்கியவர். அந்த லாவகம் எனக்கெல்லாம் வராது. மடமடவென்று கோரையைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். நம் பெண்கள் இரண்டு பேர் கூட இறங்கினார்கள். கரையோரம் காட்டுச்சேம்பு அடர்ந்து கிடந்தது. அதைக் கண்டதும் மரியாவுக்குத் தன் ஊரையே கண்டதுபோல ஆகிவிட்டது. "குகாவ், குகாவ்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சேம்புக்கு அவர்கள் பெயர் அது. கிழங்கு இருக்கிறதா என்று பார்க்க வேரோடு இழுக்கப் போனார்.

"அத்தப் புடுங்காதம்மா."

ஏழுமலையின் குரல். எப்போது பனைமரத்தடியிலிருந்து திரும்பி வந்தாரோ, கரைமேல் நின்றுகொண்டிருந்தார்.

"அதுதான் கரையப் புடிச்சிக்கினு கீது. அத்த எடுத்தா மொத மழைக்கே மண்ணு சரிஞ்சிடும். கோரைய மட்டும் புடுங்கு."

நான் மொழிபெயர்த்தேன். மரியா கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். சேறு முழங்கைவரை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, செருப்பைப் போட்டபோது டிரைவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட வார்த்தையைக் கோணலாக, "வணாக்கம்" என்றார். நெடில் வேண்டாத இடத்தில் நெடில்.

ஏழுமலை அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கினார். மரியாவுக்கு நேரே வந்ததும், யாருக்கும் கேட்கவேண்டும் என்றில்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அலீ" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் சிலிர்க்கிறது. அந்த வார்த்தையை யாரோ அவர்மேல் எறிந்துகொண்டே இருந்தார்கள். அன்றைக்கு அவரே அதை எடுத்து, நீட்டி, இன்னொருவருக்கு மரியாதையாகக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எறிய அவர்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

மத்தியானம் சாப்பாட்டு வேளை. வழக்கம்போல விவசாயிகள் வேப்பமரத்தடியில், கூலிக்காரர்கள் பனைமரத்தடியில். மரியா தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பனைமரத்தடியில் கன்னியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நானும் போனேன். எங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் தெரியுமா என்று வாளியைக் காட்டினார். பெந்தோ. ஜப்பான்காரர்கள் அவர்கள் தீவுகளைக் கொஞ்ச காலம் ஆண்டார்களாம். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் நின்றுவிட்டது. கன்னியம்மாவிடம் சொன்னேன். "நம்ம நாஷ்டா கணக்கா" என்றது. நாஷ்டாவும் இங்கே ஆண்டுவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற வார்த்தைதானே, அதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க முடியாது.

அப்புறம் மரியா எழுந்து நின்று வேப்பமரத்தடியைப் பார்த்துக் கையை ஆட்டி, "மேய், மேய்" என்று கூப்பிட்டார்.

எனக்குப் பக்கென்றது. காலையில் ஒன்று ஆகிவிட்டது, இப்போது ஊர்ப் பெரியவர்களை மாடு மாதிரி மேயச் சொல்கிறாரே என்று. ஆனால் இந்தத் தடவை நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஏழுமலை சிரித்துவிட்டார். அந்த மனிதர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "இதுக்கு இன்னாம்மா அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார். கேட்டுச் சொன்னேன். வா என்று அர்த்தம். அவர்கள் ஊரில் சாப்பிடும்போது யார் வழியில் போனாலும் வா, வந்து சாப்பிடு என்று கூப்பிடாமல் இருக்கமாட்டார்களாம். ஏழுமலை வேப்பமரத்தைப் பார்த்து, "தலைவரே, சாப்புட வரச் சொல்லுது" என்று குரல் கொடுத்தார்.

தலைவர் வரவில்லை. பொய் சொல்லமாட்டேன், அதெல்லாம் ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் தன் மோர்ப்பானையைக் கொடுத்தனுப்பினார். அந்தப் பானையிலிருந்து பனைமரத்தடியில் எல்லோரும் குடித்தார்கள். பானையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது அவரே கைநீட்டி வாங்கிக்கொண்டார். அந்த ஊரில், அந்த வருஷத்தில், அது சின்ன விஷயம் இல்லை.

மழைக்கு முன்னால் கால்வாய் வெட்டி முடிந்தது. ஏரி நிரம்பியது. கடைமடையில் நாற்று நட்டார்கள். மரியா அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது "சூலாங்" என்றார். நன்றி என்று அர்த்தம். ஆமாம் என்பதற்கு அவர்கள் தொண்டையை அடைத்துத் திறக்கிற ஒரு ஓசை உண்டு, அதை எனக்குக் கற்றுக்கொடுக்க ரொம்பப் பாடுபட்டார். கடைசிவரை எனக்கு வரவில்லை.

ஊரில் அந்தப் பட்டப்பெயர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். யாரும் திருந்திவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தையை யாராவது எடுத்தால் பக்கத்தில் இருப்பவர், "யாரு, தலைவரையா சொல்ற?" என்று கேட்டுவிடுவார். டீக்கடையே சிரிக்கும். அப்படியே மெல்ல மெல்ல அது யாருக்கும் பயன்படாமல் போயிற்று.

எனக்கு மாற்றல் ஆகி, வேறு ஊர்களெல்லாம் சுற்றி, அறுபதுகள் முடிகிற நேரத்தில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கடைமடை முழுக்கக் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. வரப்பில் நடந்தேன். அடையாளம் தெரியுமோ தெரியாதோ என்று கொஞ்சம் தயக்கம். தூரத்தில் தன் வயல் ஓரத்தில் ஏழுமலையும் கன்னியம்மாவும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் எழுந்து, சோற்றுக் கை அல்லாத மற்றக் கையைத் தூக்கினார்.

"மேய், பிளாக்கம்மா. சோறு ஆறிக்கினு கீது."

காலையில் நாஷ்டா ஆகியிருந்தது. இருந்தாலும் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.